ஆளில்லாத வண்டி வரட்டும். ரோடு நமக்கும் வேண்டும்

டிரைவர் இல்லாமலே கார் ஓடுகிறதாமே, அது நம் ஊர் ரோட்டுக்கும் வருமா, வந்தால் ஆடுமாடும் மாட்டு வண்டியும் என்ன ஆவது என்று பயறு சாகுபடிப் பயிற்சிக்கு வந்த விவசாயிகள் சிலர் அண்மையில் கேட்டார்கள். உளுந்தில் மஞ்சள் தேமலைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரத்தில் இது என்ன கேள்வி என்று உடன் இருந்த இளைஞர் ஒருவர் சிரித்தார். சிரிக்கக்கூடிய விஷயம் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் ரோடு என்பது விவசாயத்தின் ஓர் அங்கம். நெல்லைக் காய வைப்பது, உளுந்துச் செடியையும் கொள்ளுக் கொடியையும் பரப்பி வண்டிச் சக்கரத்தில் மிதிபட விடுவது, ஆடுமாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வது, விடியுமுன் பால் கேனையும் கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் பூ மூட்டையையும் கொண்டு போவது எல்லாம் ரோட்டில்தான். ஆகவே ரோட்டில் வரும் எந்த மாறுதலும் நம் களத்தில் வரும் மாறுதலே ஆகும்.

முதலில் எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று பார்ப்போம். அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் வேமோ என்னும் கம்பெனி 2020 அக்டோபர் முதல் டிரைவர் இருக்கையில் ஆளே இல்லாத வாடகைக் காரில் பொதுமக்களை ஏற்றிச் செல்கிறது. பின்னர் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களிலும் ஓடத் தொடங்கியது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போயிருக்கும் சிங்கப்பூரில் 2016 ஆகஸ்டிலேயே இத்தகைய கார்களில் பொதுமக்களை ஏற்றிப் பரிசோதனை செய்தார்கள். அப்போது பக்கத்தில் ஒரு பொறியாளர் உட்கார்ந்திருந்தார். டெக்சாஸ் மாநிலத்தில் டல்லஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு இடையே 2025-ல் ஆளில்லாத சரக்கு லாரியை ஓட்டினார்கள். சில வாரங்களில், லாரியைத் தயாரித்த கம்பெனி கேட்டுக்கொண்டதன் பேரில் மறுபடியும் ஓர் ஆளை முன் இருக்கையில் உட்கார வைக்க நேர்ந்தது.

நம் நாட்டில் மத்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அவர்கள், டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று 2017-லும் மறுபடி 2023-லும் கூறினார். டிரைவர்களின் வேலை போய்விடும் என்பது அவர் கூறிய காரணம். அதைக் கேட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஏனெனில் இந்த வண்டி ஒரே நாளில் முழுதாக வருவதில்லை. துண்டு துண்டாக வருகிறது. தானே பிரேக் போடும் கார், கோட்டை விட்டு விலகாமல் ஸ்டீரிங்கைத் தானே திருப்பிக்கொள்ளும் கார், முன்னே போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கார் எல்லாம் 2020, 2021-ஆம் ஆண்டுகள் முதலே நம் நாட்டில் விற்பனையாகின்றன. பொறியாளர்கள் இந்த வளர்ச்சியைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் படியில் எந்த ரோட்டிலும் எந்தக் காலத்திலும் ஆள் தேவையில்லை. இங்கே விற்கும் கார்கள் பெரும்பாலும் இரண்டாம் படியைத் தாண்டாதவை. திருச்சி - காரைக்குடி ரோட்டில் உங்கள் மாட்டு வண்டிக்குப் பின்னால் வரும் கார் இதில் எந்தப் படியைச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

இந்த வண்டிக்குக் கண் மூன்று விதம். ஒன்று காமிரா. மற்றொன்று ரேடியோ அலையால் பார்க்கும் ரேடார். இன்னொன்று லேசர் ஒளியை வீசித் தூரத்தை அளக்கும் லிடார் என்னும் கருவி. இவை தரும் விவரங்களைக் கொண்டு, எதிரே இருப்பது ஆளா, காரா, மரமா என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இந்தத் திறமை அதற்குப் பிறவியில் வந்ததல்ல. ஆயிரம் ஆயிரமாகப் படங்களைக் காட்டி, இது இன்னது, இது இன்னது என்று பெயர் சொல்லிப் பழக்குகிறார்கள். காளைக்கன்றை ஏரில் பழக்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம் உண்டு. கன்று, தான் பார்த்திராத பொருளைக் கண்டால் மிரண்டு நின்றுவிடும். யந்திரமோ பல சமயம் தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றாக அதை எண்ணிக்கொள்கிறது.

ஸ்வீடன் நாட்டு வால்வோ கார் கம்பெனிக்கு இது அனுபவப்பட்ட விஷயம். தம் நாட்டுப் பெரிய மான் வகைகளைப் பார்த்துப் பழகிய கருவியை அவர்கள் ஆஸ்திரேலியாவில் பரிசோதித்தபோது குறுக்கே வந்தது கங்காரு. அந்தக் கருவி தரையை அடையாளமாக வைத்தே மிருகம் இருக்கும் தூரத்தைக் கணக்கிடுகிறது. கங்காரு துள்ளி அந்தரத்தில் இருக்கும்போது தூரத்தில் இருப்பதாகவும், தரையில் இறங்கியதும் பக்கத்தில் இருப்பதாகவும் கணக்குத் தவறியது. 2017-ல் அந்தக் கம்பெனியாரே இதைக் கூறினார்கள். நம் ஊரில் வாடிவாசலை விட்டு வந்த காளை கட்டுக் கயிறு இன்றி ரோட்டைத் தாண்டுவதையும், விராலிமலைப் பக்கம் மயில் குறுக்கே தாழப் பறப்பதையும் நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தார், ஹைதராபாத், பெங்களூர் ரோடுகளில் எடுத்த 10,000 படங்களைப் பொருள் வாரியாகப் பிரித்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆட்டோ ரிக்ஷாவுக்கும் மிருகங்களுக்கும், தாருக்கு வெளியே வண்டி இறங்கி ஓடக்கூடிய மண் ஓரத்துக்கும் அதில் தனித்தனி இனம் உண்டு. மிகவும் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் பெங்களூர் ரோடும் கந்தர்வகோட்டை ஒன்றியத்தின் உள் ரோடும் ஒன்றல்ல. கரும்பு ஏற்றி இருபுறமும் பிதுங்கிய டிரெய்லரையும், தலையில் புல்லுக்கட்டோடு ரோட்டின் ஓரமாக வரும் பெண்ணையும் யந்திரத்துக்கு யாராவது காட்டிப் பழக்க வேண்டும்.

பழக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் கம்பெனி பரிசோதனைக்காக ஓட்டிய தானியங்கிக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. அந்த நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்தது. மோதலுக்கு 5.6 வினாடி முன்னதாகவே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. கண்டும், வண்டி என்று ஒரு தரம், இனம் தெரியாத பொருள் என்று ஒரு தரம், சைக்கிள் என்று ஒரு தரம் மாற்றி மாற்றி எண்ணியதே தவிர, நடந்து வரும் ஆள் என்று எண்ணவில்லை. பாதசாரிக்கென்று கோடு போடாத இடத்தில் ஒருவர் ரோட்டைக் கடக்கக்கூடும் என்பதை அதன் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று வாரியம் கண்டறிந்தது. காரில் கண்காணிப்புக்காக உட்கார்ந்திருந்த ஊழியர் கைப்பேசியில் ஏதோ நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023-ல் தண்டனை பெற்றார். கம்பெனியின் மீது குற்ற வழக்கு இல்லை.

கோடு போடாத இடத்தில் கடப்பது தவறு என்ற எண்ணம் அந்த நாட்டில் எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. மோட்டார் பெருகுவதற்கு முன் அமெரிக்க நகரத் தெருக்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. நடப்பவர் நடந்தார், குழந்தைகள் விளையாடின, தள்ளுவண்டிக்காரர் நின்று வியாபாரம் செய்தார். கார்கள் மோதி ஆட்கள் மடிந்தபோது ஜனங்கள் கார்க்காரர்களைத்தான் குறை கூறினர். 1920-ஆம் ஆண்டுகளில் மோட்டார் வியாபாரிகளும் அவர்களுடைய சங்கங்களும் முயன்று, நினைத்த இடத்தில் ரோட்டைக் கடப்பவர்தான் குற்றவாளி என்று பேச்சையும் சட்டத்தையும் திருப்பினார்கள். லாஸ் ஏஞ்சலசில் 1925-ல் அப்படி ஒரு விதி வந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து அதே எண்ணம் கம்ப்யூட்டருக்குள் புகுந்து உட்கார்ந்து, சைக்கிளோடு வந்த பெண்மணியை ஆள் என்று பார்க்க முடியாமல் செய்தது. என் கவலை எல்லாம் இதில்தான் இருக்கிறது. யந்திரத்துக்கு நம் ரோட்டைக் கற்றுக்கொடுப்பது சிரமமான வேலை, செலவும் அதிகம். அதைவிட, யந்திரத்துக்குப் புரியாதவர்களை எல்லாம் ரோட்டை விட்டு இறக்கிவிடுவது சுலபம்.

ஆளில்லாத வண்டிகள் தடங்கல் இன்றி ஓடும் இடங்களைக் கவனியுங்கள். டெல்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் 2020 டிசம்பர் முதல் டிரைவர் இல்லாத ரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் அத்தகைய ரயில்களையே செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பில்பாரா இரும்புச் சுரங்கங்களில் ஆளில்லாத ராட்சத லாரிகள் 2008-லிருந்து மண் சுமக்கின்றன. இங்கெல்லாம் வேறு யாரும் உள்ளே வர முடியாது. வேமோ ஓடும் நகரங்களில் வேலி இல்லைதான். ஆனால் அங்கே நடைபாதையும் கோடும் சிக்னலும் உண்டு. ஒவ்வொரு தெருவையும் முன்கூட்டியே அளந்து படமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே மனிதர் ஓட்டும் வண்டிகளைவிடக் காயம் உண்டாக்கும் விபத்து குறைவு என்று அந்தக் கம்பெனி வெளியிட்ட ஆய்வுகள் கூறுகின்றன. அதை நான் மறுக்கவில்லை.

நம் நிலைமை பெருமைப்படும்படியாகவும் இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ரோடு விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலமே முதலிடம். நாடு முழுவதிலும் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்; ஏறக்குறைய இருபது பேர் நடந்து போனவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள். குடித்துவிட்டு ஓட்டாத, தூங்கி விழாத, கைப்பேசியில் பேசாத ஒரு யந்திரம் வருகிறது என்றால் கதவைச் சாத்துவது புத்திசாலித்தனம் ஆகாது. தானே பிரேக் போடும் கருவியை முதலில் லாரிகளிலும் பஸ்களிலும் நன்றாக வேலை செய்யும்படி வைக்கட்டும். அதை நான் இரு கைகளாலும் வரவேற்பேன். டிரைவரை இறக்கிவிடுவது அதற்கு வெகு காலம் பிந்திய பேச்சு.

நெல் காய வைக்கும் விஷயத்தில் விவசாயிகளுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். ரோட்டில் தானியம் பரப்புவது நல்ல பழக்கம் அல்ல. பாதி ரோட்டை அடைத்துக் கல்லை வைத்து நெல் பரப்பிய இடத்தில் இரவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஆள் விழுகிறார். தானியத்துக்கும் கேடு. கொதிக்கும் தாரில் நெல் வேகமாக உலர்வதால் மணிக்குள் வெடிப்பு உண்டாகி, அரைக்கும்போது நொய் அதிகமாகும். சக்கரத்தில் மிதிபட்ட உளுந்தை விதைக்கு வைத்தால் முளைப்பு குறையும். இதெல்லாம் விவசாயிக்குத் தெரியாததல்ல. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மத்திய அரசு தளர்த்தினால்தான் உண்டு. அறுவடை யந்திரம் ஒரே நாளில் அறுத்துக் கொட்டிவிடுகிறது. வானம் மூடிக்கொண்டிருக்கிறது. ஊரில் களம் இல்லை. இருந்த களத்தில் கட்டடம் வந்துவிட்டது. அவர் வேறு எங்கே கொண்டு போய்க் கொட்டுவார்? நாளை கார்களின் வசதிக்காக ரோட்டில் எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வருமானால், களம் போட்டுக் கொடுத்த பிறகு அந்த உத்தரவு வரட்டும் என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு.

இதே மாவட்டத்தில் 1991, 92-ஆம் ஆண்டுகளில் ஒரு மாறுதல் நடந்தது. அறிவொளி இயக்கத்தின்போது, கலெக்டராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கல்குவாரியில் வேலை செய்யும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர்க் குடம் சைக்கிளில் வந்தது. விளைபொருள் சந்தைக்குப் போயிற்று. அந்த வாகனத்துக்காக ரோட்டை வேலி கட்டவில்லை, யாரையும் இறக்கிவிடவில்லை. ஹாண்டில்பார் ஏழைப் பெண்ணின் கையில் இருந்தது. புதிய வாகனம் எது வந்தாலும் அதை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

விரிந்த ரோடு என்ன செய்யும் என்பதை விராலிமலைப் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள். திருச்சி - மதுரை நான்கு வழிச்சாலையின் நடுவே தடுப்பு இருப்பதால், எதிர்ப்புறத்து வயலுக்கு மாட்டை ஓட்டிப் போக, திரும்பும் இடம் வரை சுற்ற வேண்டும். வேகம் அவர்களுக்கு, சுற்று நமக்கு.

சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டி என்றால் லைசென்ஸ் உள்ள ஓர் ஆள் ஓட்டுவார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. 2019-ல் செய்த திருத்தத்தில் 2பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். புதிய கண்டுபிடிப்புகளையும் ஆராய்ச்சியையும் ஊக்குவிப்பதற்காகச் சில வகை வண்டிகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. கதவு முழுவதும் சாத்தியில்லை என்று பொருள். விபத்து நேர்ந்தால் யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சமும் பலத்த காயம் அடைந்தவருக்கு இரண்டரை லட்சமும் வண்டி உரிமையாளர் அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டும் என்று 164-ஆம் பிரிவு கூறுகிறது. அது மனிதருக்கு மட்டும். கறவை மாடு அடிபட்டால் தவறு யாருடையது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஓட்டியவர் இருந்தால் அவர் குடித்திருந்தாரா, வேகமாக வந்தாரா என்று சாட்சி சொல்ல ஊரார் இருக்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் என்ன நினைத்தது என்று எந்தச் சாட்சி சொல்வார்? அந்தக் கணக்கெல்லாம் கம்பெனியிடம்தான் இருக்கும். இங்கிலாந்தில் 2024-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். வண்டி தானே ஓடும் நேரத்தில் அது ஓடிய விதத்துக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் மீது குற்றம் இல்லை; அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு. இந்தியாவில் ஒரு கம்பெனி பரிசோதனைக்கு அனுமதி கேட்கும் அன்றே இத்தகைய விதியும், கால்நடைக்கு இழப்பீடும், விபத்துக் கணக்கைப் போலீசாரிடம் ஒப்படைக்கும் கட்டாயமும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் கருத்து. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் டெம்பி நகரத்துக் கதைதான்: ஊழியருக்குத் தண்டனை, கம்பெனிக்கு வழக்கு இல்லை.

புயல் காலத்தையும் மறக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்தில் தென்னையும் பலாவும் ரோட்டின் குறுக்கே கிடந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நிவாரணச் சாமான் வந்தது வயலில் இறங்கி ஏறத் துணிந்த டிரைவர்களால்தான். சான் பிரான்சிஸ்கோவில் 2025 டிசம்பரில் மின்சாரம் தடைப்பட்டு சிக்னல்கள் அணைந்தபோது வேமோ கார்கள் பல நடுச் சந்தியில் அப்படியே நின்றுவிட்டன.

டிராக்டரைப் பற்றியும் கேட்டார்கள். மகிந்திரா கம்பெனி சென்னை அருகே உள்ள தன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய டிரைவர் இல்லாத டிராக்டரை 2017-ல் காட்டியது. அமெரிக்காவின் ஜான் டியர் 2022-ல் காட்டியது. நேர் கோட்டில் மைல் கணக்கில் உழும் பண்ணைக்கு அது லாபம். தமிழ்நாட்டில் சராசரி நில அளவு 0.75 எக்டேர், அதுவும் வரப்பால் நாலைந்து துண்டு. இப்போதைக்கு நமக்குத் தேவை வாடகை மையத்தில் சமயத்துக்குக் கிடைக்கும் ஒரு சாதாரண டிராக்டர்தான்.

வேலையைப் பற்றி அமைச்சர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு ஏக்கர் மானாவாரியை வைத்துக்கொண்டு குடும்பம் பிழைப்பது மகன் லாரியோ வேனோ ஓட்டுவதால்தான். ஆனால் முதலில் ஆபத்து வருவது உள்ளூர் வண்டிக்கு அல்ல. இரவில் நீண்ட தூரம் ஓடும் நெடுஞ்சாலை லாரிக்கு. பையனுக்கு டிரைவிங் லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கும்போதே வண்டியின் மின் வேலையையும் பழகச் சொல்லுங்கள். அந்த வேலை யந்திரம் கூடக் கூடப் பெருகும்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இரண்டு விஷயங்களைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கலாம். ஒன்று, ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம்; அறுவடை யந்திரமும் டிராக்டரும் வந்து திரும்பும் இடத்தில், குளத்துப் புறம்போக்காக இல்லாமல் பார்த்து. மற்றொன்று, நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் இடங்களில் மாடும் மாட்டு வண்டியும் கடக்கக் கீழ்ப்பாலம் அல்லது ஓரப்பாதை. வரைபடம் போடும் முன்னர் கேட்டால்தான் உண்டு. தார் போட்ட பிறகு கேட்டுப் பயன் இல்லை.

அதுவரை காத்திராமல் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று. தானே பிரேக் போடும் கார்களின் கையேட்டிலேயே, மிருகங்களையும் விளக்கில்லாத வண்டிகளையும் கருவி காணத் தவறலாம் என்று எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். ஆகவே மாட்டு வண்டி, டிரெய்லர் இவற்றின் பின்பலகையில் இரு ஓரத்திலும் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்டுங்கள். மனிதக் கண்ணுக்கும் காமிராவுக்கும் அது ஒருசேர உதவும். பலகையில் எண்ணெயும் சாணமும் இல்லாமல் கழுவி, வெயிலில் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். வைக்கோல் பாரம் தொங்கிப் பட்டையை மறைக்குமானால், ஒரு சாக்குத் துண்டில் பட்டையைத் தைத்துப் பாரத்தின் மேலேயே கட்டித் தொங்க விடலாம். சைக்கிளில் பால் கொண்டு போகிறவர்கள் பின் மட்கார்டிலும் கேனின் பின்புறத்திலும் ஒட்டிக்கொள்ளலாம். மழைக்காலம் முடிந்ததும் சேறு படிந்த பட்டையைத் துடைத்துப் பார்த்து, உரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.